நீ சொன்னாய், நான் பந்தை விட்டேன்

அன்பு நண்பா,

இன்று காலை மனைவி என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அரை பாட்டிலைக் காலில் கொட்டிக்கொள்வாய். உடை மாற்றும் அறையில் மற்ற பத்துப் பேருக்கும் கண்ணில் நீர் வழியும். அடிபட்ட பிறகு தடவினால் போதாதா என்று கேட்டால், "அடி படும்னு தெரிஞ்சுதானேடா போறோம்" என்பாய்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரே தெருவில் வளர்ந்து, பத்து வருடம் ஒரே கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடினோம். நான் முன்னால், நீ எனக்குப் பின்னால். ஓடுவது என் வேலை, பார்ப்பது உன் வேலை. உண்மையில் நீ ஓடவே மாட்டாய். உயிரோடு இருந்தபோது இதைச் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டாய், இப்போது தைரியமாகச் சொல்கிறேன். நின்ற இடத்திலிருந்தே மைதானம் முழுவதையும் வாயால் நடத்துவாய். சிலரிடம் கன்னடம், சிலரிடம் உருது, என்னிடம் தமிழ். பின்னாலிருந்து "விடுடா" என்று உன் குரல் வந்தால் பந்தைத் தொட மாட்டேன், திரும்பியும் பார்க்க மாட்டேன். அது உன் காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பிறகு விளையாட்டுக் கோட்டாவில் இருவருக்கும் வேலை கிடைத்தது, உனக்கு ஒரு நிறுவனத்தில், எனக்கு வேறொன்றில். இரண்டு அணிகளும் இறுதி ஆட்டத்தில் மோதின. முடிய சில நிமிடங்களே இருந்தன, யாரும் கோல் போடவில்லை. எங்கள் கோலுக்கு முன்னால் பந்து என்னை நோக்கி வந்தது. சும்மா வெளியே தட்டிவிட்டிருந்தால் போதும். பின்னாலிருந்து "விடுடா" என்றாய். என் கால் தானாக விலகியது. பந்து உன்னிடம் போய், உன்னிடமிருந்து வலைக்குள் போனது. நீ சொன்னது உன் பக்கத்தில் ஓடிவந்த உன் அணிக்காரனுக்கு, அவனும் தமிழன்தான். கேட்டுக் கீழ்ப்படிந்தவன் நான். கோல் போட்ட நீ கொண்டாடவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாய்.

நான் ஆட்டத்தை விற்றுவிட்டதாக எங்கள் மேனேஜர் சொன்னார். ஒரே தெரு, ஒரே சர்ச், வேறென்ன சாட்சி வேண்டும் அவருக்கு? விசாரணை என்றார்கள். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, வீட்டில் கைக்குழந்தை. அழாத குறையாக உன்னிடம் வந்தேன். நீ டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினாய்.

"உன்னை ஏமாத்தத்தான் வேணும்னே கத்துனேன்னு நான் எழுதிக் குடுத்துடறேன். எனக்குப் பெர்மனென்ட் ஆயிடுச்சு. ஆட்டத்துலேர்ந்து கொஞ்ச நாள் தூக்குவாங்க, வேலையிலேர்ந்து தூக்க மாட்டாங்க."

எதிரணி ஆளைக் குரல் கொடுத்து ஏமாற்றுவது ஆட்ட விதிப்படி குற்றம். வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒரே ஒருமுறை சொன்னேன்.

உனக்கு ஒரு சீசன் தடை. மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு உன்னை அழைத்திருந்தார்கள். அந்த அழைப்பும் போயிற்று, திரும்ப வரவில்லை. அதன் பிறகும் எட்டு சீசன் ஆடித்தான் ஓய்வுபெற்றாய். எந்த மைதானத்திலும், "யாரையாச்சும் கூப்பிட்டுப் பாருப்பா" என்று ஒருவன் கிண்டல் செய்வான். நீ கையாட்டிவிட்டு ஆடுவாய். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிடுவாய், அந்தக் கோலைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டாய். வேலை நிரந்தரமானதும் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, ரிட்டையர் ஆனதும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

போன வாரம் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து சர்ச் ஹாலில் கூடியிருந்தோம். நம்மோடு ஆடிய ஒருவர் மைக்கைப் பிடித்து, பெரிய ஆட்டக்காரர், கொஞ்சம் தில்லுமுல்லும் உண்டு என்று அந்தக் கோலைச் சொன்னார். எல்லோரும் அன்போடுதான் சிரித்தார்கள். உன் மகளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் எழுந்துபோய் மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஐந்து நிமிடத்தை உனக்குத் தரவில்லை நான்.

கீழே இறங்கியதும் உன் மகள் வந்தாள்.

"அங்கிள், இது இல்லைன்னா அப்பா ஸ்டேட் ஆடியிருப்பாரா?"

ஆடியிருப்பார் என்றேன். கேப்டனாகவே ஆகியிருப்பார் என்றும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேங்க்ஸ் அங்கிள் என்றாள். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.