அம்மாவைத் தூக்கி வந்தவர்

4 பிப்ரவரி, புதன்

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: கட்டிலில் காய்ச்சலோடு அம்மா. தலைமாட்டில் நான். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கிய பக்கத்து வீட்டு நர்ஸ். சத்தம் கேட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்த எதிர்வீட்டுத் தையல்காரர். பிறகு என் வீட்டுக்காரர், உன் அத்தான், கணக்கு வாத்தியார். அவ்வளவுதான். எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் அதில் நீ இல்லை.

நேற்று சாயங்காலம் எங்கள் தெருமுனையில் ஓட்டுக் கேட்டு நீ பேசினாய். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "கொட்டுற மழை. தெருவெல்லாம் வெள்ளம். வண்டி கிடையாது. எங்கம்மாவ இந்த முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினேன். பெத்தவளச் சுமந்த முதுகு இது, இந்த ஊரையும் சுமக்கும்!" என்றாய். கைதட்டல் அடங்கவே இல்லை. கீழ்வீட்டுப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்னால் வெட்கம், நானும் அழுதேன். துணியை மடித்து வைத்த பிறகுதான் உறைத்தது, அங்கே இருந்தவளே நான்தானே என்று.

தூக்கிக்கொண்டு போனவர் உன் அத்தான். அந்த ஒல்லி உடம்பு. முழங்கால் தண்ணீர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாதி குருடாய் நடந்தார். தையல்காரர் குடை பிடித்தார், நான் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நீ வந்தது ஆஸ்பத்திரி வாசலில். தலை சீவியிருந்தாய். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் நீ வாங்கிக்கொண்டாய். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். அதைத் தாண்டி ஒரு அடிகூட உனக்குச் சேராது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், விஷயம் மறந்துபோகும். எத்தனை தடவை அப்படி ஆகியிருக்கிறது! மூன்றாம் வகுப்போடு நின்ற கைதான், எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடும்.

அந்தக் கதையை நிறுத்து. உன் அத்தான் போய் நாலு வருஷம் ஆகிறது. வாழ்நாளெல்லாம் கரும்பலகை முன்னால் நின்றவர். ஊர் நினைத்துப் பார்க்கிற மாதிரி அவர் செய்தது அந்த மழைநாள் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்ளாதே.

உன் நலம் விசாரிக்கவில்லை. சுவருக்குச் சுவர் உன் சிரிப்பு ஒட்டியிருக்கிறது, நலமாகத்தான் இருக்கிறாய்.

உன் அக்கா

7 பிப்ரவரி, சனி

என் அக்காவுக்கு, உன் கையால் குட்டு வாங்கி வளர்ந்தவன் எழுதுவது.

உன் கடிதத்தை ஜீப்பில் வைத்துப் படித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு டிரைவர், "அண்ணே, மேலிடமா?" என்றான். "மேலிடத்துக்கும் மேலடா" என்றேன்.

முதலில் உன் முட்டி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயைச் சூடு பண்ணித் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? பேத்திக்குப் பரீட்சை முடிந்ததா?

கதைதானே அக்கா! நம்மை எதிர்த்து நிற்கிற இன்ஜினியர் அம்மா போன வாரம் பேசிய கூட்டத்துக்கு நம் பையன்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். குழாயின் விட்டம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று படம் வரைந்து காட்டினாராம். முன்வரிசைக்காரர் தூங்கிப் பக்கத்து ஆள் தோளில் சாய, அந்த ஆளும் தூங்கிவிட்டாராம். ஜனங்களுக்குக் கணக்கைக் கொடுத்தால் கொட்டாவி வருகிறது. அம்மாவைக் கொடுத்தால் மனசு இளகுகிறது. நான் என்ன செய்வேன்? முதலில் ஜெயிக்கிறேன். அதற்குப் பிறகு அவர் சொல்கிற குழாயையே போட்டுவிட்டால் போகிறது.

அத்தான் இருந்திருந்தால், "உன் கதைல மழை கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருப்பார்.

இருபத்திரண்டாம் தேதி மைதானத்தில் கடைசிக் கூட்டம். மேடையில் என் பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி. நீ பேச வேண்டாம், சிரிக்கக்கூட வேண்டாம், முறைத்துக்கொண்டே உட்கார்ந்திரு. நீ இல்லாத மேடையில் எனக்குக் கை கால் ஓடாது.

உன் தம்பி

12 பிப்ரவரி, வியாழன்

தம்பிக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்டதும் வலி குறைந்த மாதிரி இருந்தது. அதுதான் உன்னிடம் உள்ள கோளாறு.

நேற்று அந்த இன்ஜினியர் ஓட்டுக் கேட்டு வந்தாள். அப்போதுதான் துடைத்த தரையில் செருப்போடு நடந்து வந்தாள். எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போயிற்று. "உக்காரும்மா" என்றேன். உட்காராமல் நேராகக் குழாயடிக்குப் போய், தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"இதக் காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

"காய்ச்சாமத்தான் இத்தன வயசுக்கு வந்தேன்."

"அது உங்க அதிர்ஷ்டம்" என்றாள். பேச்சைப் பார்த்தாயா? ஓட்டுக் கேட்டு வந்தவள் பேசுகிற பேச்சா இது?

நானும் விடவில்லை. "தெனமும் தண்ணி எப்ப வரும், சொல்லு" என்றேன்.

"ரெண்டு வருஷம் ஆகும். எல்லாத் தெருவையும் தோண்டணும். வீட்டுக்குள்ள தூசியா கெடக்கும். உங்க முட்டிக்கு நடக்கவே கஷ்டம்."

"எந்தம்பி மூணே மாசம்ங்கறான்."

"முடியாதும்மா. உங்க தம்பி நல்லா பேசறாரு, எனக்கே கேக்கப் பிடிக்குது. ஆனா பழைய குழாய்ல அழுத்தத்தக் கூட்டினா சாக்கடை ஓரமா இருக்கற இணைப்பெல்லாம் விட்டுடும். கலந்துதான் வரும். முதல்ல கொழந்தைங்கதான் படுக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் போட்ட டீயில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதை நான் மறக்கப்போவதில்லை.

ஆனால் அவள் போன பிறகு டம்ளரைக் கழுவத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தானும் இப்படித்தான். சமையல் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், "உப்பு ஒரு கல்லு கூட" என்பார். உப்பு கூடத்தான் இருக்கும். நீயோ பசியே இல்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் நாய்க்குப் போடுவாய். நாய் கொழுத்தது. அம்மா உன்னைக் கொண்டாடினாள். என்னைப் பார்த்து, "ஒனக்கு வாய்ச்சவருக்கு வாயில நல்ல வார்த்தையே வராதாடி?" என்பாள். அவள் கண்ணில் புரை விழுந்ததை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். அதற்கும் கோபித்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் தேதி வருகிறேன். நீயே கதையைத் திருத்து. இல்லாவிட்டால் மைக்கைப் பிடுங்கி நான் திருத்துவேன். எனக்குப் படிப்புதான் குறைவு, தொண்டையில் ஒரு குறைவும் இல்லை.

உன் அக்கா

17 பிப்ரவரி, செவ்வாய்

அக்கா,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். இந்தத் தடவை ஜீப்பில் இல்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

அந்தக் கதையை நான் கட்டவில்லை. கட்டியது அம்மா. ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்ததும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "எம்புள்ளதான் தூக்கிட்டு வந்தான்" என்றாள். நான் வாசலிலிருந்து தூக்கியதைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் வாசல் தெருமுனை ஆனது. வீட்டுக்கு வருவதற்குள், வீட்டிலிருந்தே தூக்கி வந்தேன் என்று ஆகிவிட்டது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னாள். என் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது சொன்னாள்.

ஒரே ஒரு தடவை, "அம்மா, அத்தான்தானே தூக்கிட்டு வந்தாரு" என்றேன். என் வாயைக் கையால் பொத்தி, "ஒனக்கென்னடா தெரியும்? முதுகுல இருந்தவ நானு" என்றாள். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். அத்தான் அதே அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவே இல்லை. நீ இருக்கும்போது அம்மா ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

கேட்டுக் கேட்டு, பிறகு சொல்லிச் சொல்லி, அந்த மழை என் மேலேயே பெய்ததாக ஆகிவிட்டது. காலில் தண்ணீர் சில்லென்று பட்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. நான் அங்கே இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் ஞாபகம் இருக்கிறது.

கட்சிக்காரர்கள், "இப்ப மாத்திப் பேசினா கவுந்துடுவீங்க" என்கிறார்கள். அந்த முதுகை நம்பித்தான் பாதி ஊர் என் பின்னால் நிற்கிறது. வேறு என்ன இருக்கிறது என்னிடம்? படிப்பு இல்லை. குழாய் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என்னைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது, அது ஒன்றுதான் என் கைமுதல்.

நீ வா. மைக்கைப் பிடுங்க வேண்டாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நானே சொல்லப் பார்க்கிறேன்.

தம்பி

4 மார்ச், புதன்

என் தம்பிக்கு,

ஜெயித்துவிட்டாய். நன்றாக இரு. நீ அனுப்பிய மாலை வாசலில் தொங்குகிறது, போகிற வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். உன்னிடம் மறைக்கவில்லை, என் ஓட்டு அந்த இன்ஜினியருக்குத்தான். என் டீயை அவமானப்படுத்தியவளுக்கே போட்டேன். 

மேடையில் நீ சொன்னபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். "எங்கம்மாவத் தூக்கிட்டு வந்தது நான் இல்லீங்க. எங்க அத்தான். கணக்கு வாத்தியாரு. நான் வாசல்ல நின்னு வாங்கினவன், அவ்ளோதான்" என்றாய். உன் கழுத்து நரம்பு துடித்தது. அது நடிப்பு இல்லை. உன் நடிப்பெல்லாம் எனக்குத் தெரியும். மைதானம் கப்சிப் என்று ஆனது. போச்சு, தோற்றான், என்னால்தான் தோற்றான் என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒருவன் விசில் அடித்தான். "உண்மையச் சொன்ன அண்ணன்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், மைதானமே எழுந்து நின்றது.

எல்லாம் உனக்குத்தான். தூக்கினவருக்கு என்று ஒரு கைகூடத் தட்டவில்லை.

கீழே இறங்கினதும் தையல்காரர் ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "பாத்தீங்களாக்கா ஒங்க தம்பி மனச! யாருக்கு வரும்?"

"ஏன்யா, கொட பிடிச்சவரு நீங்கதானே? தூக்கினது யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா வாத்தியாரு ஒருநாளும் சொல்லலையே. இவருதான சொன்னாரு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதேன். பொய்யைச் சொன்னாலும் உனக்குக் கைதட்டல், உண்மையைச் சொன்னாலும் உனக்கே. உன்னைக் குறை சொல்லி என்ன செய்ய? உன் தோளைப் பார்த்தால் அம்மாவைச் சுமந்த தோள் மாதிரிதான் இருக்கிறது. அவர் தோளைப் பார்த்தால் குடையைச் சுமக்குமா என்று சந்தேகம் வரும். ஊர் தோளைப் பார்த்துத்தான் கதை கொடுக்கிறது. நாற்காலியும் அப்படித்தான் கொடுக்கிறது.

அதனால் ஒன்று சொல்கிறேன், செய். முதல் வேலையாக அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை. மூணு மாசம் என்று சொன்ன அதே வாயால், ரெண்டு வருஷம் என்று ஊருக்குச் சொல். நீ சொன்னால் திட்டிக்கொண்டேயாவது கேட்பார்கள். அவள் சொன்னால் தூங்கிவிடுவார்கள். என் பேத்தியும் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

இனி உன் கடிதத்தில் அம்மாவைப் பற்றி இருந்த விஷயம். படித்த நாளிலிருந்து அந்த இடத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. காய்ச்சல் மயக்கத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். என் ஞாபகம் விடுகிறதா? வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் வந்தாள். "மாப்ள, மெதுவா. எலும்பு குத்துது மாப்ள" என்றாள். "கண்ணாடி இல்லாம தெரியுதா மாப்ள?" என்றும் கேட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்தார். யார் முதுகு என்று தெரிந்துதான் இருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள்! அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், அவர்தான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். நான் அந்தப் பக்கம் போனதும், அவர் காது கேட்க, உன் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்க எனக்கு இப்போது ஆள் இல்லை. கேட்டிருந்தால், "அவங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம், எனக்கு என்ன கொறஞ்சுது?" என்றிருப்பார். அவருக்கு ஒன்றும் குறையவில்லை. எனக்குக் குறைந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிட்டுவிட்டுப் போ, உப்பு கூட இருந்தால் கூட என்று சொல். ஊர்மேலும் கோபம் இல்லை, ஊர் அந்த மழையில் நனையவில்லை. தையல்காரரோடு இந்த வருஷம் முழுக்கப் பேசமாட்டேன், பிறகு பார்க்கலாம். வாயைத் திறக்காமல் போனவரையும், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

செத்தவள்மேல் என்ன கோபம் என்று எனக்குச் சமாதானம் எழுதாதே. நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான் இருக்கிறாள், நம் அம்மா.

உன் அக்கா