திரும்பி ஓடிய கால்கள்

டயகம,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வலப்பனையில் மழை விட்டதா? நான் சுகமாக இருக்கிறேன். போன் மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து போனதால்தான் இந்தக் கடிதம்.

புதன்கிழமை தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது குளவிக்கூடு கலைந்துவிட்டது. எல்லாரும் ஓடினோம். ஜெயகாந்தன் மட்டும் கானுக்குள் விழுந்து கத்தினான். போன தீபாவளிக்கு என் பல்லை உடைத்தவனேதான். ஜெபத்தில்கூட அவனை நான் சபித்திருக்கிறேன். ஆனால் அம்மா, என் கால்கள் திரும்பி அவனிடமே ஓடின. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து அவனைப் போர்த்தி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். எனக்குச் சில கொட்டுகள்தான், வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதீர்கள்.

டிஸ்பென்சரியில் அவன் கேட்டான், "ஏன்டா திரும்பி வந்த?"

"தெரியலடா" என்றேன்.

நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று, "சாமிய மாத்திட்டா கொணம் மாறிருமா?" என்று கேட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. இயேசுவிடம் நான் கேட்டதெல்லாம் நிரந்தர வேலையும் உங்கள் கால் சுகமாவதும்தான். கேட்காத இந்த மனதை எனக்குள் எப்போது வைத்தார்? நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

படங்கு கிழிந்துவிட்டது, பழைய சாக்கு இருந்தால் கொடுத்தனுப்புங்கள். குளிர் அதிகம், ஒரு கம்பளியும் வேண்டும்.

இந்தக் கடிதத்தை வலப்பனைக்குக் கொண்டுபோகிற லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். கம்பளியை இரண்டாகவே அனுப்புங்கள் அம்மா. ஜெயகாந்தன் இப்போது என் காம்பரா அறையில்தான் படுத்திருக்கிறான்.

உங்கள்
சின்னராசா