குறட்டுக்கு ஒரு கயிறு

மொன்றியல், ஞாயிறு

அன்புள்ள ஜெசிந்தா,

மடு மாதாவின் காவலில் நான் சுகம். மாமியின் முழங்கால் நோ எப்படி? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இன்று பூசை முடிந்ததும் தூண்டிலோடு அஹுன்ட்சிக் பக்கத்து ஆற்றுக்குப் போனேன். மஸ்கி என்ற மீன் ஒன்று பிடிபட்டது. நம்முடைய சீலாவைப் போல நீளம், பல்லும் அப்படித்தான். அத்தாங்கு போன்ற பெரிய வலையில் தனியாகவே ஏந்திவிட்டேன். இங்கே தூண்டில் முள்ளைக் கழற்றி மீனைத் திருப்பி விடுவதுதான் வழக்கம். ஆனால் நான் முழங்காலளவு தண்ணீரில், குறடு கரையில் கிடந்தது. வலையை விட்டால் மீன் முள்ளோடு போய்ச் சாகும். பிடித்தபடி வழுக்குக் கல்லில் கரையேற முடியாது, குறடும் எட்டாது. ஊரில், பேசாலையில், நான் பாராமலே கை நீட்டுவேன், நீர் குறட்டை வைப்பீர். அந்தப் பழக்கத்தில் குறடு இல்லாமலே தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

"குறட்டைத் தாரும், ஜெசிந்தா!" என்று கத்தியே விட்டேன். நாயோடு போன கிழவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் போய்விட்டார்.

கை விறைத்தபோது மீன் துள்ளி, தானே முள்ளைக் கழற்றிக்கொண்டு போனது. நான்தான் வெறும் வலையைப் பிடித்தபடி இருட்டும்வரை நின்றேன். சிரியும்.

குறட்டைக் கழுத்தில் மாட்ட நைலோன் கயிறு ஒன்று பின்னி வையும். இங்கே கடையில் இருக்கிறதுதான், எனக்கு நீர் பின்னியது வேண்டும். உம்முடைய விசாவுக்கு இன்னும் பொறுக்க வேண்டுமாம். இனி என்னால் ஏலாது, ஜெசிந்தா.

இதைத் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வருகிறது. கயிற்றைத் தபாலில் போடாதேயும். கையில் கொண்டு வாரும்.

உம்முடைய
அலோசியஸ்