ஒற்றைக் கண்ணோடு ஆற்றோரம்

பெரியவனின் அம்மாவுக்கு,

உன் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததை என்னிடம் மறைத்தது தவறு. உன் தம்பி போனில் உளறியதால்தான் தெரிந்தது. நான் கவலைப்படுவேன் என்று மறைத்தாயாம். கவலைப்படுவது என் உரிமை. இப்போது வலி இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருப்புக்கொள்ளவில்லை. மில்லிலிருந்து ஆற்றோரமாகவே நடந்தேன். சாயப்பட்டறை, சிமெண்ட் கிடங்கு, எண்ணெய்த் தொட்டிகள் என்று பத்து மைல். உன்னைப் போலவே இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டேன்.

கிடங்குக் காவலாளி கேட்டான்: "கண்ணுக்கு என்னாச்சு பெரியவரே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரிக்குத்தான்."

"அப்ப நீங்க எதுக்குக் கட்டியிருக்கீங்க?"

"என்கிட்ட சொல்லலைல்ல, அதான்."

சிரிக்க வந்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தான்.

அப்புறம் ஆற்றுப் படியின் விளிம்பு தெரியாமல் விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே.

இதைப் படித்துக் காட்டும் மருமகள் மூன்று வேளையும் சொட்டு மருந்து விட வேண்டும். பெரியவன் இன்றே நம் வீட்டுப் படிகளின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும். உன் தம்பி வாரந்தோறும் என்னிடம் உளற வேண்டும். நீ அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. கட்டு அவிழ்த்ததும் உன் கையாலேயே எனக்கு நாலு வரி எழுத வேண்டும்.