எட்டு பாட்டில் சாஸ்

வெள்ளி இரவு, வளைகுடாவில் அப்பாசியா.

போர் வரப்போகிறது என்று காலையிலிருந்து ஒரே பேச்சு. மத்தியானம் மளிகைக்கடையில் அரிசி மூட்டைக்கு அடிதடி. நானும் உள்ளே புகுந்து, கைக்கு வந்ததை அள்ளி வந்தேன். ரூமில் பையைக் கொட்டினால் எட்டு பாட்டில் தக்காளி சாஸ்.

ஊரில் இருக்கும் மனைவிக்கு போன் போட்டேன். "நீங்க எதுக்கு ஓடுனீய? கட்டிலுக்கு அடியில பாக்கலையா?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அரிசி, பருப்பு, புளி, எல்லாம் டப்பா டப்பாவாக இருந்தன. இங்கே இருந்தவரை மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிச் சேர்ப்பாள். "கடை வைக்கப் போறியா?" என்பேன். பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். அவர்களின் காலேஜுக்காகத்தான் அவளும் ஊருக்குப் போனாள்.

"அது சரி, சாஸ் யாருக்கு?" என்று கடைசியில் கேட்டாள்.

நான் அதைத் தொடுவதே இல்லை. சின்னவனுக்குத்தான் சாஸ் இல்லாமல் தோசை இறங்காது.