ரேஷன் கடை முனையில் ஒரு புள்ளி

ஜோகுபாளையம், பெங்களூர்
14-12-2003

அன்பு மகள் பிரபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி கிஷோர் மூவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் அங்கே அதேபோல இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறோம். அம்மாவின் பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயாயிற்று, பிப்ரவரியில் பிரசவத்துக்கு அவள் உன் பக்கத்தில் இருப்பாள், கவலைப்படாதே. இப்போதே முருங்கைக் கீரையைக் காயவைத்துப் பொடி பண்ணிக்கொண்டிருக்கிறாள், வீடே அந்த வாசனை. கிஷோருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. கம்பெனி கார் காலையில் வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கிறது, துரை சாவகாசமாக சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஏறுகிறார். வாசலில் வந்து ஏற்றி வாசலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள், முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிய எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அங்கே பனி கொட்டுகிறது என்று போனில் சொன்னாயே, ஏழு மாத வயிறோடு வழுக்கும் செருப்பெல்லாம் போடாதே.

நீ கேட்டுக்கொண்டபடி அந்தக் கருத்தரங்குக்குப் போய் வந்தேன். ப்ளைட் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, என் கட்டுரையை என் சிநேகிதி மௌரீன் படிக்கட்டும், நீங்களாவது போய் உட்காருங்கள் அப்பா என்றாயே, அதற்காகவே அம்மா கல்யாணச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வாசலில் ஒரு பெண் என் பெயரை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டாள், ரிட்டயர்டான பிறகு திரும்பவும் பேட்ஜ். பெண்கள், புவியியல், மனித உரிமைகள் என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஜியாக்ரபி என்றால் மலையும் ஆறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், நம் ரேஷன் கடை அதில் வரும் என்று யார் கண்டது. பழக்கதோஷத்தில் தலையை எண்ணினேன், நூற்றுப் பதினான்கு பேர், அதில் ஆண்கள் பதினாறுதான். முன் வரிசை முழுக்கப் பெண்கள், எங்கள் வண்டி மாதிரியே. பகல் சாப்பாட்டில் பிஸிபேளேபாத் போட்டார்கள், நன்றாக இருந்தது, இரண்டாவது தடவையும் வாங்கினேன், அம்மாவிடம் சொல்லாதே.

மௌரீன் பேச ஆரம்பித்ததும் திரையில் ஒரு மேப் வந்தது. பார்த்தால் நம் தெரு. சிவாஜிநகர் பக்கமிருந்து வண்டி வந்தால் முதலில் ரேஷன் கடை முனை, அங்கேதான் வீடுகளுக்குப் போகும் சந்து, அதைத் தாண்டிச் சாராயக் கடை, அதையும் தாண்டி பஸ் ஸ்டாப். எல்லாம் சரியாகப் போட்டிருந்தாய், எனக்குப் பெருமையாக இருந்தது, பக்கத்து நாற்காலி அம்மாளிடம் என் மகள் வரைந்தது என்றுகூடச் சொன்னேன். பிறகு நீ போன வருஷம் இங்கே வந்து டேப்பில் பதிந்துகொண்டு போன பெண்களின் பேச்சைத் தமிழிலேயே படித்தாள். சீதாலட்சுமி என்று நீ பெயர் மாற்றி வைத்திருந்த பெண்ணின் பேச்சு வந்தது. "கார்மெண்ட்ஸ் விட்டு ஏழு மணி வண்டியில வருவேன். ஸ்டாப்புல இறங்குனா சாராயக் கடையைத் தாண்டித் திரும்பி வரணும். ஒருநாள் ஒருத்தன் கையப் புடிச்சு இழுத்தான். மறுநாள் ரேஷன் கடைகிட்ட நிறுத்துங்கன்னு கண்டக்டரைக் கேட்டேன். ஏம்மா, உனக்குன்னு தனியா ஸ்டாப் வைக்கச் சொல்லட்டான்னார். பஸ்ஸே சிரிச்சுது. அப்புறம் நான் கேக்கல. பின்தெரு வழியா சுத்தி வந்தேன், இருபது நிமிசம். தெனம் ஏன் லேட்டுன்னு வீட்டுக்காரர் சந்தேகப்பட்டார். வேலையை விட்டுட்டேன்." மௌரீனுக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும், உனக்குத்தான் தெரியுமே. தடுக்கினாலும் அந்த ஸ்டாப் வைக்கிற பேச்சு என் காதில் என் குரலிலேயே விழுந்தது. அதைச் சொன்னது நான்தான் பிரபா. அவள் நம் மூன்றாவது சந்து சந்திரம்மா. கண்டக்டர் யாரென்று அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை என்று கீழே நீ எழுதியிருந்ததையும் மௌரீன் படித்தாள்.

கேள்வி நேரத்தில் மெட்ராஸிலிருந்து வந்த ஞானசேகரன் என்ற பேராசிரியர் எழுந்து, கண்டக்டரைக் குற்றம் சொல்ல முடியாது, ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தினால் அவருக்கு மெமோ கிடைக்கும், ஸ்டாப்பை அங்கே வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். முகம் தெரியாத ஒரு மனிதர் எனக்காக வக்காலத்து வாங்குகிறார், நான் அப்பாடா என்று இருந்துவிட்டு வந்திருக்கலாம். ரூல் இருந்தது உண்மைதான். ஆனால் கான்ஸ்டபிள் ஒருவர் "ஸ்வல்ப நில்ஸப்பா", கொஞ்சம் நிறுத்தப்பா என்றால் எந்த முனையிலும் நிறுத்துவேன். அதாவது போகட்டும். நீ காலேஜ் விட்டு டைப் கிளாஸ் முடித்து அதே ஏழு மணி வண்டியில்தான் வருவாய். ரேஷன் கடை முனை வந்ததும் நான் ஒரு விசில் ஊதுவேன், டிரைவர் மஞ்சுநாத் ஏன் எதற்கு என்று கேட்காமல் பிரேக் போடுவார், நீ இறங்குவாய். மூன்று வருஷம். உன்னோடு சந்திரம்மாவும் இறங்கிய நாட்கள் உண்டு, நீ வண்டியில் இல்லாத ஒரு நாளில்தான் அவள் வாய்விட்டுக் கேட்டாள். உனக்காக நின்ற அதே வண்டி, நீ இல்லாத நாளில் ரூல் பேசியது. மேப் போடும்போது உனக்கு இது நினைவுக்கு வந்ததா இல்லையா தெரியவில்லை, நான் கேட்கவும் போவதில்லை. ஹாலில் எழுந்து சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். மைக் இரண்டு வரிசை தள்ளி வந்தது, நான் எழுந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சந்திரம்மா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள், பத்து வருஷமாக அதுதான் செய்கிறாளாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்தக் கண்டக்டர் நான்தாம்மா என்றேன். அவள் கையை நிறுத்தவே இல்லை. "தெரியும்ணா. பிரபா டேப்பை வச்சுக்கிட்டு யாரு அந்தக் கண்டக்டர்னு கேட்டுச்சு. அப்பனைப் பத்திப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது. ஞாபகம் இல்லன்னுட்டேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. கார்மெண்ட்ஸில் கூட வேலை செய்த வீணா இப்போது அங்கே சூப்பர்வைசராக இருக்கிறாள், நானும் ஆகியிருப்பேன் என்றாள், கோபமில்லாமல்தான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதையெல்லாம் பிரபாவுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். என் பேர் வெளியே வரக்கூடாது, உங்க பேரை என்ன வேணா பண்ணிக்கோங்க என்றாள். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தாள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்புக்குப் போய் அங்கிருந்து சந்து முனை வரை நடந்து பார்த்தேன், இருநூற்று இருபது அடி வைக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருஷத்தில் ஒருநாளும் நான் அதை நடந்ததில்லை, டூட்டி முடிந்தால் டிப்போவிலிருந்து சைக்கிள்தானே.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை, அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்பாள். நேற்று அவளிடமும் சொல்லிவிட்டேன். பிரபாவுக்கு எழுதுங்கள் என்று அவள்தான் பேப்பர் எடுத்துக் கொடுத்தாள். கட்டுரைகள் புத்தகமாக வரப்போகிறது, ஜனவரி கடைசி வரை திருத்தம் அனுப்பலாம் என்று மௌரீன் சொன்னாள். அதற்குள் இதைச் செய்துவிடு. சந்திரம்மா சீதாலட்சுமியாகவே இருக்கட்டும். கண்டக்டர் யாரென்று நினைவில்லை என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு என் பெயரைப் போடு. பெயரை மறைப்பது கஷ்டப்பட்டவர்களுக்காக, எனக்கு எதற்கு அது. மேப்பில் ரேஷன் கடை முனையில் ஒரு புள்ளி வை, இந்த இடத்தில் வண்டி நின்றது, கண்டக்டரின் மகளுக்கு மட்டும் என்று பக்கத்தில் எழுது. உன் வாத்தியார்கள் முன்னால் உனக்கு இது சங்கடமாக இருக்கும், தெரியும். என்மேல் கோபம் வந்தாலும் வரட்டும், இரண்டு நாள் போனை எடுக்காவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் வேளைக்குச் சாப்பிடு, இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. வருகிற குழந்தை ஆணோ பெண்ணோ கை காலோடு சுகமாக வரட்டும், எங்கே இறங்க வேண்டுமோ அங்கே பயமில்லாமல் இறங்கட்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். புத்தகத்தில் போட வேண்டிய பெயர் கீழே இருக்கிறது, எழுத்துப் பிழையில்லாமல் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
பச்சைமுத்து
கண்டக்டர், பேட்ஜ் எண் 6142