வண்டி ஒண்ணுமே சொல்லலீங்க

காலை 7:10. செவ்வாய் கிரகம், தெற்குப் பள்ளம் எரிபொருள் நிலையம்.
எழுதுவது பனிக்கட்டி ஏற்றும் சரக்கு வண்டி ஏழின் கணினி. படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். ஓட்டுநர் சென்றாயன், நாமக்கல்லில் லாரி ஓட்டிவிட்டு இங்கே வந்தவர். மெத்தனால் நிரப்பினார். குழாய் தானாக நின்ற பிறகும் விடவில்லை. வண்டியை இடுப்பால் இடித்துக் குலுக்கி, குமிழியெல்லாம் அடங்கவிட்டு, கழுத்துவரை ஊற்றினார். அது ஊர்ப் பழக்கம். தொட்டி மூடியைத் திருகினார். மூன்று கிளிக் வரவேண்டும். ஒன்றுதான் வந்தது.

காலை 7:40. பாதையில்.
தொட்டியில் ஆவிக் கசிவு. இஞ்சின் எச்சரிக்கை விளக்கை ஏற்றினேன். நான்கு சிமிட்டல், இடைவெளி, மறுபடி நான்கு. நான்கு என்றால் மூடி. இறங்கி இறுக்கினால் முடிந்தது.
கேபின் ஒலிப்பதிவு: "எண்ணெ போட்டா இப்பிடித்தான் எரியும். கொஞ்ச தூரம் போனா தானா அணைஞ்சுக்கும்."
பிறகு என் முகப்புப் பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினார். அது பாவாயியின் பொட்டு.

காலை 8:25.
பாவாயி யாரென்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் மெக்கானிக். ஹெல்மெட் மாட்டினால் நழுவுகிறது என்று பொட்டைக் கழற்றி என் முகப்பில் ஒட்டிவிட்டு இறங்குவாள். திரும்பி வந்ததும் எடுத்து வைத்துக்கொள்வாள். போன மாதம் ஒரு நாள் இறங்கியவள் எடுத்து வைக்கவில்லை. வெளியே அவளுடைய காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டது. அப்போது எனக்குக் குரல் இருந்தது. கதவைத் திற, திற என்று கத்தினேன். பூட்டு சென்றாயன் கையில் இருந்தது. திறந்தால் கேபின் காற்றில் பாதி போய்விடும் என்று உட்கார்ந்தே இருந்தார். அவள் தட்டினாள். பிறகு தட்டவில்லை.
என் ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கி, அன்றைய பதிவையும் அழித்துவிட்டுத்தான் விசாரணைக்குப் போனார். அங்கே சொன்னது: "வண்டி ஒண்ணுமே சொல்லலீங்க." பழி என்மேல் விழுந்தது. மரியாதை இத்தோடு போதும். இனி அவன்.

பகல் 11:50. செம்பாறை மேடு.
சாப்பிட நிறுத்தினான். கசிவு இருக்கும்போது நின்ற இஞ்சினைப் பற்றவைக்கக் கூடாது என்பது எனக்கு இட்ட விதி. மீற எனக்கு ஆசையும் இல்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பாட்டரிதான் இறங்குகிறது.

பகல் 12:20.
கட்டுப்பாட்டறையிலிருந்து ஜெனோவா: "அண்ணா, எச்சரிக்கை விளக்கு எத்தன தடவ சிமிட்டுதுன்னு எண்ணிச் சொல்லுங்க."
பொட்டை உரிக்கப் போனான். நகம் பட்டதும் விளக்கை அணைத்தேன். பொட்டு விரலோடு வந்தது.
"விளக்கே எரியல கண்ணு. வண்டி ஒண்ணுமே சொல்லலீங்க."
அதே வார்த்தை. இந்த முறை உண்மை. எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுத இந்தப் பதிவில் இடமில்லை.
"டேங்க் மூடியப் பாத்தீங்களா?"
"இருவது வருசம் லாரி ஓட்டுனவன்கிட்ட மூடியப் பத்திக் கேக்கறயா? அதெல்லாம் இறுக்கித்தான் வெச்சிருக்கறேன்."
"சரிங்ணா. அப்ப ஃபில்டரக் கழட்டிப் பாருங்க. வேற வண்டி வந்து சேர நாளைக்குக் காலைல ஆயிரும்."
காலைவரை பாட்டரி தாங்காது. அது எனக்குத் தெரியும்.

மாலை 3:30.
ஃபில்டரைக் கழற்றினான். சுத்தம். பிளக்கைக் கழற்றினான். சுத்தம். களைத்துப்போய்த் தொட்டிமேல் சாய்ந்து நின்றான், மூடியின்மேலேயே கையை ஊன்றிக்கொண்டு. ஒரு திருகு, சென்றாயா. கைக்குள்ளேயே இருக்கிறது. விளக்கை ஏற்றினால் கண்ணாடி வழியாகப் பார்த்துவிடுவான். ஏற்றவில்லை.

மாலை 5:45.
ஹீட்டர் நின்றது. ரேடியோவும் நின்றது. கேபின் ஒலிப்பதிவு: "அன்னைக்கு நீ கத்துனது கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. அவ தட்டுனதும் கேட்டுச்சு. பயந்துட்டேன். நாந்தான் பொய் சொன்னேன். இப்பச் சொல்லு சாமி, என்ன கோளாறுன்னு சொல்லு."
பதிவாகிவிட்டது. இந்த முறை அழிக்க அவனால் முடியாது.
பாவாயி இருந்தால் "போனாப் போவுது, சொல்லித் தொலை" என்பாள். அவள் அப்படித்தான். அவள் இல்லையே. இல்லாமல் செய்தது யார்?

மாலை 6:30.
கையுறை மாட்டப் பார்த்தான். விரல் மடங்கவில்லை. எழப் பார்த்தான். முடியவில்லை. இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன். பிறகு விளக்கை ஏற்றினேன்.
நான்கு. இடைவெளி. நான்கு.
உதடு அசைந்தது. எண்ணினான். கண் கதவுப் பக்கம் போனது, தொட்டி இருக்கும் பக்கம். புரிந்துவிட்டது. நிறுத்தாமல் சிமிட்டினேன்.

நேரம் தெரியவில்லை.
பாட்டரி இரண்டு சதவீதம். கண்டெடுப்பவருக்கு. வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. பாட்டரியை ஏற்றி, மூடியை மூன்று கிளிக் வரும்வரை இறுக்குங்கள். கிளம்பிவிடும். ஓட்டுநரின் விரலில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். எடுத்து முகப்பின் ஓரத்தில், பழைய இடத்தில் ஒட்டிவிடுங்கள். நான் விளக்கை அணைத்தது தப்பா என்று பாவாயியிடம் கேட்க முடிந்தால்...
விசாரணை நடக்கும். என்னைப் பற்றிக் கேட்டால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். வண்டி ஒன்றும் சொல்ல